ஏழாவது பூச்சு

பேராயர் ஆம்புரோஸ் தேர்ல்பிக்கு அறுபது நிறைந்த அன்று சபையார் ஒரு சவப்பெட்டியைப் பரிசாகக் கொண்டுவந்தார்கள். சீனாவின் ஃபூஜியன் மலையூர்களில் ஒரு பெரியவருக்கு அதைவிட உயர்ந்த மரியாதை கிடையாது. நான்கு பேர் சிரித்துக்கொண்டே தூக்கி வந்தார்கள். அவரும் முறைப்படி குனிந்து நன்றி சொன்னார். மனசுக்குள் எதுவும் அசையவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவர் மனைவி ஹெஸ்டர் வாந்திபேதியில் போயிருந்தாள். மலைச்சரிவில் அவளை அடக்கம் செய்து, ஜெபத்தையும் தானே வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டவர் அவர். அதே வாரம் சமையல்காரர் குவானின் ஒரே மகனும் போனான். அவனுக்கும் இவரே வாசித்தார். அன்றிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை. ஞானஸ்நானம் கொடுப்பார், பங்காளிச் சண்டை தீர்ப்பார், மழையில் பத்து மைல் நடந்து திடப்படுத்தல் ஆராதனை நடத்துவார். வேலை ஒன்றும் நிற்கவில்லை, மனுஷன்தான் அதில் இல்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில், முப்பது வயதில், குவான் வீட்டுக் கூடத்தில் ஒரு சவப்பெட்டியைப் பார்த்துக் குவானின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தவர் இவர். அரைகுறைச் சீனத்தில் இறந்தவருக்காக உருகி உருகி ஜெபித்தார். யாருக்காக அந்தப் பெட்டி முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருந்ததோ, அந்தக் குவானின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறி, அன்றைக்கே நிஜமாகப் போயிருப்பார். ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

பெட்டிக்கு ஆண்டுதோறும் பிறந்தநாளில் அரக்குப் பூச வேண்டும். குவான்தான் பூசுவார். ஆறு பூச்சு ஆகியிருந்தபோது லண்டனிலிருந்து கடிதம் வந்தது. வயதாகிவிட்டது, புதியவர் வருகிறார், அடுத்த கப்பலில் திரும்பவும். பேராயர் படித்து மடித்து வைத்துவிட்டு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

"அம்மா இங்கதானே கெடக்காங்க?" என்றார் குவான், மலைச்சரிவைக் காட்டி.

"உத்தரவு வந்தா போக வேண்டியதுதான், அண்ணே."

படகு வியாழக்கிழமை. செவ்வாய் காலை பேராயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிரஷ்ஷோடு சவப்பெட்டிமுன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா பண்றீங்க?"

"பெட்டி இனி உங்களுக்கு. கொடுக்கிறவன் ஒரு பூச்சாவது பூசணும்ல?"

"மகன்ல குடுக்கணும்!"

"நான் மகனா இருந்துட்டுப் போறேன்."

"எனக்கு நாலு வயசு எளையவரு, எனக்கு மகனா? ஊரு காறித் துப்பும்." குவான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மரத்துப் பாலான பச்சை அரக்கைத் தொடுமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். முப்பத்தாறு வருடம் அங்கே குப்பை கொட்டியவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை இரண்டு கையும், சேராங்கொட்டை பட்டது போல, முழங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தன. குவான் திட்டிக்கொண்டே, அந்த ஊர் வைத்தியப்படி நண்டை இடித்துப் பற்றுப் போட்டார்.

"எண்ணெ தடவத் தெரியாதா? புத்தி எங்க போச்சு?"

"எரியுது, அண்ணே."

"எரியாம? ஆமா, நீங்க எதுல படுப்பீங்க?"

"அங்கெல்லாம் செத்தப்புறம்தான் பெட்டி வாங்குவாங்க."

"யாரு வாங்குவா?"

பேராயர் வீங்கிய விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். அண்ணன் இல்லை, தம்பி இல்லை, பிள்ளை இல்லை. கை எரிந்தது. எட்டு வருடமாக எங்கேயோ நின்றுபோயிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நண்டு நாற்றமடிக்கும் கையால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லாமல் அவர் அழுதார். குவான் தன் மேல்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"பெட்டிய வேணா நீங்களே வச்சுக்குங்க ஐயா."

"குடுத்தது குடுத்ததுதான். தச்சன்கிட்ட இன்னொண்ணு செய்யச் சொல்லுங்க."

குவான் அவரையே பார்த்தார். "அப்ப வியாழக்கிழமை?"

"புதுசா வர்றவர் பேராயரா இருக்கட்டும். நான் இங்கயே சும்மா இருக்கேன்."

"அவசரமானு தச்சன் கேப்பான். என்ன சொல்ல ஐயா?"

"அவசரமில்ல," என்றார் ஆம்புரோஸ்.