கதைக்காரி கமலாவதி

என் சைக்கிளின் கரியரைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் கமலாவதி பேசவே தொடங்குவாள். பள்ளிக்கூட மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். நான் மருதனார்மடச் சந்தியைத் தாண்டியாக வேண்டும். அதெல்லாம் அவளுக்குப் பொருட்டேயல்ல.

"மாஸ்ரர், அம்மாவின்ரை முழங்கால் நோ எப்பிடி? நீங்கள் ஏன் மெலிஞ்சு போனியள்? காலமை சாப்பிட்டனீங்களோ?"

மூன்றுக்கும் பதில் வாங்காமல் கையை எடுக்கமாட்டாள். வயது முப்பது. அகன்ற வாய் நிறையச் சிரிப்பு. அந்நியர் என்று அவளுக்கு உலகத்தில் ஒருவருமில்லை. ஒருநாள் யாரோ லொறிக்காரரோடு கதைத்தபடியே ஏறிச் சாவகச்சேரியில் போய் இறங்கிவிட்டாள். அண்ணன் சீவரத்தினம் வெங்காயத் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தேடி அலைந்தார். கண்டுபிடித்தபோது, லொறிக்காரரின் மனைவிக்கு எத்தனையாம் மாதம் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினால் வீடு வரும் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கொண்டுபோய் விடவேண்டும். பெரும்பாலும் அந்த யாராவது நான்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டொக்டர் தாளில் வீட்டுப் படமொன்று கீறச் சொன்னார். கதவை ஒரு மூலையிலும் கூரையைத் தாளின் அடியிலும் கீறினாள். கீறும்போதே டொக்டரின் பிள்ளைகளின் பெயரெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள்.

"பிறவியிலையே மூளை இப்பிடித்தான் அமைஞ்சிருக்கு. கதையும் சனத்தோடை சேருறதும் நல்லாய் வரும். இடமும் வடிவமும்தான் பிடிபடாது" என்றார் டொக்டர்.

"அப்ப கதையைக் குறைக்க ஒரு மருந்தும் இல்லையோ ஐயா?" என்று கேட்டார் சீவரத்தினம். பகிடிக்காக அல்ல, மெய்யாகவே.

தொண்ணூறாம் ஆண்டு போரில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த பெர்னடெட்டும் தமக்கை சிசிலியாவும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். பெர்னடெட்டுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தமக்கையோடு கைகளால் விறுவிறுவென்று கதைப்பாள். கமலாவதி விடுவாளா? தினமும் போய் முன்னால் குந்திவிடுவாள். விரல்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை. மேலே போகவேண்டிய கை கீழே போகும். உள்ளே மடியவேண்டியது வெளியே மடியும்.

"தங்கச்சி கடல் எண்டு காட்டினால் இவளுக்கு ஆடு எண்டு விளங்குதாம்" என்று சிசிலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் பெர்னடெட் பொறுமையிழந்து, கமலாவதியின் கையைத் தட்டிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றுதான் கமலாவதி அழுது கண்டேன்.

"என்னோடை ஒருத்தி கதைக்கமாட்டன் எண்டிட்டாள், மாஸ்ரர்."

அடுத்த கிழமை, நட்ட நடு மத்தியானம் குண்டு போட பொம்மர் விமானம் வந்தது. எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த எங்கள் பங்கருக்குள் விழுந்தோம். வாசலைச் சாக்கால் மூடியதும் உள்ளே கும்மிருட்டு. தமக்கையின் கைகள் தெரியவில்லை. பெர்னடெட் அலறத் தொடங்கினாள். கமலாவதியோ நாங்கள் இறங்கிய நேரத்திலிருந்து ஓயவே இல்லை. "பயப்பிடாதை பிள்ளை, நாங்கள் எல்லாரும் இஞ்சைதானே நிக்கிறம்…"

"அவளுக்குக் காது கேளாதடி, விசரி! வாயைப் பொத்து! பொம்மருக்குக் கேக்கப்போகுது!" என்று சீவரத்தினம் கத்தினார்.

எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. இருட்டில் கமலாவதி எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு எங்கோ நகர்ந்தாள். குண்டு தூரத்தில் விழுந்து மண் உதிர்ந்தது. அதற்குள் அலறல் நின்றிருந்தது.

என்னவோ ஏதோ என்று நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். கமலாவதி பெர்னடெட்டின் உள்ளங்கையை விரித்து, தன் தொண்டைக்குழியில் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி, கதைத்துக்கொண்டே இருந்தாள்.