அந்தரத்தில் நின்ற பாலம்

எங்கள் தீவின் ஹட் பே துறைமுகத்துக்கு வடக்கே ஓடையின் மேலிருந்த மரப்பாலம் மழை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. அங்கே இரும்புப் பாலம் போட ஒப்பந்தக்காரர் என்னை மேற்பார்வையாளராக அனுப்பினார். தூண் எழுப்ப நேரமில்லை. அக்கரைக் கிராமத்துக்காரர்கள், முதலை நடமாடும் ஓடையை டிங்கி என்ற சிறு படகில்தான் கடந்துகொண்டிருந்தார்கள்.

இந்த வகைப் பாலத்தைக் கரையிலேயே பூட்டிவிடுவோம். இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து, துளைகளில் 'பின்' என்ற கனத்த இரும்பு ஆணியை அடித்து, அது நழுவாமலிருக்க நுனியில் ஒரு சின்ன கிளிப் மாட்ட வேண்டும். பிறகு முழுப் பாலத்தையும் உருளைகள்மேல் வைத்து அக்கரை நோக்கித் தள்ளுவோம். முன்பாதி அந்தரத்தில் நீளும்போது பின்பாதியில் எடை கூடுதலாக இருந்தால்தான் கவிழாது.

அன்று காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உருளையைக் குனிந்து பார்ப்பேன், முனைக்கு ஓடுவேன், மறுபடி பின்னால் போய் எடையைத் தொட்டுப் பார்ப்பேன். மறுநாள் போர்ட் பிளேருக்குக் கப்பல். அக்கரையில் மூட்டைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

பாலம் பாதி தூரம் போயிருக்கும். "ரோக்கோ! ரோக்கோ!" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லி ஒரு பெண் கத்தினார். பின் ஆணி அடிக்கும் குழுவில் இருந்தவர். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்த குடும்பம். எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலை நின்றபிறகு எங்களிடம் சேர்ந்திருந்தார்.

"சார், முன்பாதில ஒரு பின் ஆணிக்கு கிளிப் போட்டேனான்னு ஞாபகம் இல்ல. காலைல மழைக்கு எல்லாரும் ஓடினோமே, அப்ப…"

"எந்தப் பக்கம் அக்கா?"

"எடது பக்கம், கீழ. பக்கா தெரியல."

மேஸ்திரி எரிந்து விழுந்தார். "ஒரு கிளிப்தான? அந்தக் கரைல போய்ப் பாத்துக்கலாம். ஜல்தி தள்ளுங்கப்பா!"

தள்ளச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் நிறுத்தினேன். பின்பக்கம் எடையைக் கூட்டச் சொல்லிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இடப்பக்கச் சட்டத்தின்மேல் ஊர்ந்தேன். கரை முடிந்து காலுக்குக் கீழே தண்ணீர் தெரிந்ததும் பாலம் மெல்ல ஆடியது. கை கம்பியை விட மறுத்தது. முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"சார், அப்படியே இருங்க. கீழ பாக்காதீங்க."

அந்த அக்காவும் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வலப்பக்கச் சட்டத்தில் என்னைத் தாண்டிப் போய், குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து நகர்ந்து இடப்பக்கம் வந்தார். குனிந்து தடவிப் பார்த்தார்.

"பின் ஆணி ரெண்டு விரல் அளவு வெளிய வந்திருக்கு சார்."

சுத்தியலால் நாலு அடி. கிளிப்பை மாட்டினார். பிறகு என் பக்கம் வந்து, ஒவ்வொரு கையாக எடுத்துவைக்கச் சொல்லி என்னைக் கரைக்குக் கூட்டிவந்தார்.

மதியத்துக்குள் முனை அக்கரையைத் தொட்டது. சாயங்காலம் பலகை பரப்பியதும் ஜனங்கள் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

கிளிப்பை மறந்ததற்காக மேஸ்திரி அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். இனி எல்லாப் பின் ஆணிகளையும் கடைசியாகச் சரிபார்ப்பது அவர்தான் என்று சொல்லிவிட்டேன். அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நான் வாயத் தெறக்கலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது சார். அத நெனச்சாத்தான் நெஞ்சு அடிச்சிக்கிது."

தள்ளச் சொல்ல என் வாய்வரை வந்ததை நினைத்தால் எனக்கும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.