செவ்வாயும் வெள்ளியும் வந்த ஆவேசம்

சில வருஷங்களுக்கு முன்பு, நான் கல்லிடைக்குறிச்சிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் நடந்தது இது. என் நாத்தனாருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தாலும் மனசு சின்னப் பிள்ளை மாதிரி. பேச்சும் நாலைந்து வார்த்தையோடு சரி. ஆனால் காயப்போட்ட அப்பளத்துக்குக் காக்காய் விரட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "மதினி, மதினி" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

அப்படிப்பட்டவள் திடீரென்று ஆளை அடிக்க ஆரம்பித்தாள். சுவரில் தலையை முட்டுவாள், பக்கத்தில் போனால் கடிப்பாள். அதுவும் செவ்வாயும் வெள்ளியும்தான். சொல்ல வேண்டுமா? அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றது ஒரு கூட்டம், காத்துக்கருப்பு என்றது இன்னொன்று. வேப்பிலை அடித்தோம், கயிறு கட்டினோம், ஒன்றுக்கும் மசியவில்லை. ஒருநாள் பெற்ற தாயான என் அத்தையின் கையையே ரத்தம் வரக் கடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அவளைத் தூரத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அத்தையும் அழுதுகொண்டே தலையாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்குமுன் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று சண்டைபிடித்து, அவளையும் அத்தையையும் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த மனநல ஆலோசகர் சின்னப் பெண். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, கதை கேட்க உட்கார்ந்துவிட்டார். இவள் அடிக்கிற நாளில் விடிந்ததிலிருந்து என்னென்ன நடக்கிறது, அடிக்காத நாளில் என்ன நடக்கிறது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "வந்து எறங்குதது யாருன்னு கேக்காம, இட்லியா தோசையான்னு கேக்காளே" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

நானும் எரிச்சலோடுதான் ஒப்பித்தேன். மற்ற நாளில் வீட்டிலேயே தலை நனையாமல் மேலுக்குக் குளிப்பு. செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்ப்போம். தலைக்கு நல்லெண்ணெய், காதுக்கு இரண்டு சொட்டு, பிறகு ஆற்றில் முழுக்கு.

ஆலோசகர் கைகாட்டி நிறுத்தினார். "காதுலயுமா விடுதீங்க?"

"காலங்காலமா விடுததுதானே. சூடு தணியும்லா" என்றார் அத்தை.

உடனே காது டாக்டரிடம் அனுப்பினார்கள். உள்ளே சவ்வில் ஓட்டை, சீழ் பிடித்திருந்தது. எண்ணெயும் தண்ணீரும் இறங்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வலியில் உயிர் போயிருக்கிறது. நாங்களோ வேப்பிலையால் அடித்திருக்கிறோம். அத்தை அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

மருந்தில் காது ஆறியது, ஆவேசமும் அடங்கியது. விடுதிப் பேச்சை என் வீட்டுக்காரர் அப்புறம் எடுக்கவே இல்லை. வலித்தால் அடிக்காமல் இடத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு அந்த ஆலோசகர் அவளைப் பழக்கினார். பையத்தான் வந்தது. நடுவில் எனக்கும் நாலு அறை விழுந்தது.

போன மாசம் நான் அடுப்படியில் இருந்தபோது வந்தாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, "மதினி, இங்கன" என்றாள். வயிற்றுவலிக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். இப்போதெல்லாம் யார் என்மேல் எரிந்து விழுந்தாலும், இவர்களுக்கு எங்கே வலிக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.