தறிக்குழியில் ஒரு ஜோடி

போன வாரம் விடாத மழை. எங்கள் தெருத் தறிகளின் குழிகளில் எல்லாம் தண்ணீர் ஊறிவிட்டது. நெசவாளர் காலை இறக்கி மிதிக்கிற பள்ளம் அது... நனைந்தால் வேலை நின்றுவிடும்.

மழை விட்ட காலை, பக்கத்து வீட்டு நெசவாளி குமார் அலறினார். ஓடினேன். குழித் தண்ணீரில் இரண்டு தண்ணீர்ப் பாம்புகள் பின்னிக் கிடந்தன. பருத்தது பெண், மெலிந்தது ஆண். அந்த இனத்தில் அப்படித்தான் – யாரும் ஜோடிப் பொருத்தம் சரியில்லை என்று முணுமுணுப்பதில்லை!

பாம்பென்றால் படையும் நடுங்கும். குமார் ஒற்றை ஆள், கையில் கட்டை. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் பட்டு.

"இந்த வாரம் நெய்ஞ்சு அறுத்துக் குடுக்கணும்க்கா. இதுங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கட்டையக் கீழ போடு மாமா!" என்றாள் அவர் மனைவி தேவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பல வருஷம் காத்திருந்து தங்கிய கரு. மனைவி மாசமாக இருக்கையில் புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது. இங்கே அது எழுதாத சட்டம்.

"சேந்துக்கினு இருக்கிற பாம்பு மேல புதுத்துணி போத்தி எடுத்து வெச்சா, புள்ள நல்லா பொறக்கும்னு சொல்லுவாங்கக்கா."

புதுத்துணிக்கு எங்கே போவது? வீடு முழுக்கப் பட்டு வாசனை. ஆனால் தறியில் இருப்பது முதலாளியுடையது. தேவி என்னைப் பார்த்தாள்.

"அக்கா... மாமா நெய்ஞ்ச பச்சை, தீவாளிக்கு எடுத்தீங்களே... இன்னும் கட்டலதானே?"

என் பட்டா? சேற்றிலா? பாம்பைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? கொண்டுவந்தேன்.

குமார் கட்டையை வைத்துவிட்டுச் சேலையை மெல்லப் போர்த்தினார். வெகுநேரம் கழித்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெரியது முன்னே, சின்னது பின்னே... தோட்டத்து ஜலதாரை வழியாக வாய்க்காலுக்குப் போய்விட்டன. இனி அவள் ஏதாவது வளையில் முட்டையிட்டுக் காவல் கிடப்பாள். மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை. ஈரப் பள்ளம் போதும். பட்டு நம்முடைய ஆசை!

குமார் தண்ணீரை இறைத்துவிட்டு அன்றே தறியில் உட்கார்ந்தார். தேவி சேலையை அலசிக் காயவைத்து நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ. வளைகாப்புக்குக் கட்டு."

அவள் கண் கலங்கிவிட்டது. "மாமா நெய்ஞ்சத நான் கட்டுனதே இல்லக்கா."

இத்தனை வருஷம் பக்கத்து வீடு... எனக்குத் தோன்றவே இல்லையே!

நெய்தவன் பெண்டாட்டிக்கு ஒரு பட்டு கிடைக்க, வாய்க்காலிலிருந்து பாம்பு வர வேண்டியிருக்கிறது.