நாக்கில் துணி சுற்றிய மணி

நான்கு வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த கையோடு, மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் பொழுது சாய்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள், தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். ஒரு புண் ஆறுவதற்குள் அதன் மேலேயே அடுத்த கடி. அந்தக் கைக்கு மருந்து போட்டுக்கொண்டு என் மனைவி அழாத நாளில்லை. ஈப்போவில் டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி, நடத்தைப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணை வீட்டுக்கு வரும்படி ஏற்பாடு செய்தார்.

வந்தவள் தமிழ்ப் பெண்தான். கழுத்தில் சிலுவை. பார்த்ததுமே எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது. அவளோ பயிற்சி என்று ஒன்றும் செய்யவில்லை. மூலையில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்ப்பாள். “கத்துறதுக்கு முன்னாடி என்ன நடக்குது அக்கா?” என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சும்மா உட்கார்ந்து பார்க்க ஒரு படிப்பா என்று நான் முணுமுணுத்தேன்.

அப்புறம் ஒருநாள் என்னிடமே சொன்னாள். “அண்ணே, கொஞ்ச நாளைக்கு சாமி மணி அடிக்காதீங்க. பாப்பாவால அந்த சத்தத்த தாங்க முடியல.”

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் இருந்த காலம் முதல், விளக்கு வைத்து மணி அடிக்காத சாயங்காலம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதைச் சிலுவை போட்டவள் வந்து நிறுத்தச் சொல்வதா?

வேலையிடத்தில் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். “ஜாக்கிரதைலா மச்சான். இன்னைக்கு மணி, நாளைக்கு சாமி படம், அப்புறம் உன் பேரையே மாத்திருவாங்க!”

வீம்புக்கு அன்று மாலை இன்னும் ஓங்கி அடித்தேன். பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய்க் கையைக் கடித்ததில் ரத்தமே வந்துவிட்டது. “ஓங்கி அடிக்கச் சொல்லி சாமியா கேட்டாரு? பிள்ள கையப் பாருங்க!” என்று என் மனைவி கத்தினாள். அதற்குப் பிறகு பயிற்சி நேரத்தில் என்ன நடக்கிறது என்று அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை.

அது இன்னும் மோசம். ஒருநாள் விளக்குக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய மணி இடப்பக்கம் இருந்தது. யார் தொட்டது? பெண்டாட்டியும் சேர்ந்துகொண்டாளா?

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அரை நாள் லீவு போட்டேன். மோட்டார் சைக்கிளை முச்சந்தியிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சாமி மேடைக்கு முன்னால் அந்தப் பெண். பக்கத்தில் என் மகள். எங்கள் மணி மேல் இரண்டு பேர் கைகளும் இருந்தன. அந்தப் பெண்ணின் உதடு ஏதோ முணுமுணுத்தது. ஜெபம்தான்! வேறென்ன?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். “என்ன நடக்குது இங்க?”

அவள் பதறவில்லை. என் காலைப் பார்த்தாள். “அண்ணே, பூட்ஸ வெளியே கழட்டிட்டு வாங்க. சாமி இருக்கிற இடம்லா.”

நானும் குனிந்து பார்த்தேன். வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது அவள். தொழிற்சாலை அழுக்கோடு சாமிக்கு முன்னால் நின்றது நான். வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தேன்.

மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தது. “மெதுவா... மெதுவா...” என்றாள் அவள். முன்பும் அதைத்தான் முணுமுணுத்திருக்கிறாள். என் மகள் ஆட்டினாள். டொக் என்று ஒரு சத்தம். உடனே அந்தப் பெண் சத்தமில்லாமல் கைதட்டிப் பாராட்டினாள்.

“மணி ஒரேயடியா வேணாம்னு சொல்லல அண்ணே. திடீர்னு வர்ற சத்தம்தான் அவளுக்கு பயம். அவளே அடிச்சா எப்ப சத்தம் வரும்னு அவளுக்கு தெரியும்ல? நான் இதெல்லாம் முதல்லயே உங்ககிட்ட விளக்கி சொல்லியிருக்கணும்.”

“அப்ப... ஜெபம் ஏதும்...?” என்று இழுத்தேன்.

சிரித்துவிட்டாள். “அது ஞாயித்துக்கிழமைதான்ணே. இங்க வேலைக்கு வந்திருக்கேன்.”

மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அன்று முதல் எனக்கும் சேர்த்துத்தான் பயிற்சி. விளக்கு ஏற்றுமுன் மகளைக் கூப்பிட்டு மணியைக் காட்ட வேண்டும். வர மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். துணியைச் சுற்றுச் சுற்றாகக் குறைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்றும் போனது. மகள் மணியை ஆட்டினாள். கணீரென்றது. அவள் கை காதுக்குப் போகவில்லை, வாய்க்கும் போகவில்லை. சத்தம் போட்டு அழுதால் பிள்ளை மிரண்டுவிடுவாளோ என்று என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு யாரும் மணியைத் தொட முடியாது, பிடுங்கிக்கொள்வாள். அவள் கையில் பழைய தழும்பு மட்டும்தான் மிச்சம். எங்களிடமிருந்து சாமியைப் பிரிக்க வந்தவள் என்று நான் உளவு பார்த்தேனே, அந்தப் பெண்தான் வாசலில் நின்று அலறிய என் மகளைச் சாமிக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தாள் என்பது, வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.