நான் மட்டும் வாசித்த பக்கம்

வாரத்தில் ஒரு நாள் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி, நாகலாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போவேன். எழுத்து கைகூடாத பிள்ளைகளுக்கு நான் சிறப்பாசிரியை. அங்கே பத்தாம் வகுப்பில் ஒருத்தி, ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். காதால் கேட்ட பாடத்தை அப்படியே திருப்பிச் சொல்வாள். பேனாவை எடுத்தால் எழுத்துகள் இடம் மாறிவிடும்.

‘கெ’ சொல்லிக்கொடுத்தபோது கேட்டாள்: “க-தான டீச்சர் முதல்ல கேக்குது? பொறவு ஏன் கொம்ப முன்னாடி போடச் சொல்லுதீங்க?”

“அப்படித்தான் போடணும்ட்டி” என்றேன். தலையாட்டினாள். அடுத்த வரியிலேயே கொம்பு பின்னால் போய் நின்றது. மணலில் எழுதினோம், உப்புத்தாளில் எழுத்து வெட்டித் தடவினோம். ஒரு வாரம் நிற்கும், மறு வாரம் போய்விடும்.

தை மாதம் அவளாகவே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மழையில் கரிசல் சேற்றுக்குள் மாட்டிக்கொண்ட குட்டியைத் தூக்கப் போய், இவள் காலும் புதைந்து, தாயாடு சுற்றிச் சுற்றிக் கத்திய கதை. அவள் பிழைகள் எனக்குப் பழகியிருந்ததால் வாசித்துவிட்டேன். தமிழாசிரியரிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க வாசிச்சாத்தான் இருக்கு. திருத்துதவங்களுக்கு இதுல என்ன தெரியும்?” என்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பரீட்சையில் இவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவார்கள். அதற்குக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும். முன்பே ஒரு தடவை மறுத்திருந்த அவள் அப்பாவிடம் மறுபடியும் போனேன்.

“பொட்டப்புள்ளைக்கு அப்படி ஒரு சீட்டு வாங்கி வச்சா, நாளைக்கு எவன் டீச்சர் பொண்ணு கேட்டு வருவான்?” என்றவர், குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்.

தமிழ்ப் பரீட்சை முடிந்ததும் அவளே போன் செய்தாள். “எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன் டீச்சர்! கூடத் தாள் வேற வாங்குனேன்!” சந்தோஷம் என்றேன்.

தமிழில் தேறவில்லை. அடுத்த முறை பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது அவள் அம்மா பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்.

“ஒண்ணும் எழுதாமலா டீச்சர் வந்தா?”

“இல்லம்மா, எழுதியிருக்கா. நிறைய எழுதியிருக்கா.”

“எழுதியிருந்தா ஏன் பெயிலாக்கிட்டாவ?”

சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்குக் குழம்பியது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பஸ் வந்தது.

“ஏறுங்க டீச்சர், இத விட்டா பொழுதடைஞ்சுதான் அடுத்தது” என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.