வாய் திறக்காமல் ஓடிய காலை

ஆற்றங்கரைப் பாதையில் காலையில் ஓட வருகிறவர்களில் அந்த ஜோடியைத் தெரியாதவர்கள் கிடையாது. பேக்கரிக்காரரும் அவர் மனைவி தையல்காரியும். இருவர் மணிக்கட்டையும் ஒரு எலாஸ்டிக் பட்டை இணைத்திருக்கும். கால்சட்டை இடுப்பில் வைத்துத் தைக்கிற அதே பட்டைதான். இரு முனையிலும் வளையம் வைத்து அவளே தைத்தது.

அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அடுப்பு முன்னால் நின்று வெந்துபோகிற உடம்புக்கு அந்த ஓட்டமும் ஆற்றுக் காற்றும்தான் சுகம். அதுவும் போய்விட்டால் மனிதர் ஒடிந்துபோவார். ஓட்டம் என்றாலே முகம் சுளிக்கிறவள், அதற்காகவே ஷூ வாங்கி மாட்டிக்கொண்டாள். பாதை நெடுக அவள் வாய் ஓயாது. "சைக்கிள் வருது, ஓரம் வாங்க." "வேர் இருக்கு, காலைத் தூக்குங்க." "நாய்தான், ஒண்ணும் பண்ணாது."

அன்றைக்கு மட்டும் அவள் பேசவில்லை. மிச்சப் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை அவர் மச்சானிடம், அதாவது அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறார், அவளிடம் மூச்சு விடவில்லை. தம்பி உளறித்தான் அவளுக்குத் தெரிந்தது. பெண்டாட்டியைவிட மச்சான் ஒசத்தியாகிவிட்டானா? கோபம் வந்தால் அவள் கத்துகிற ரகம் இல்லை, உம்மென்று இருக்கிற ரகம். அப்படியே பட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பாலத்தடியில் வண்டிகள் நுழையாமலிருக்கக் குட்டையாக ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அவள் இந்தப் பக்கம் போனாள், அவர் அந்தப் பக்கம் போனார். எலாஸ்டிக் கம்பத்தில் மாட்டி, நீண்டு, வெடுக்கென்று சுண்டியது. பேக்கரிக்காரர் அரை வட்டம் சுற்றிச் சரளையில் விழுந்தார்.

"ஐயோ!" அப்போதுதான் அவள் வாய் திறந்தது. அவர் முழங்காலில் ரத்தம்.

"கம்பத்தைப் பார்த்தேங்க. பார்த்தும் சொல்லாம வந்துட்டேன். இனிமே என்னை நம்பி எப்படி ஓடுவீங்க?" என்று அழுதாள்.

அவர் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும்தான் உன்கிட்ட சொல்லலை. நீ அழுதா எனக்குத் தாங்காது. அதான் உன் தம்பிகிட்ட சொன்னேன்."

"அவன் அழலையா?"

"உன்னைவிட மோசம். மாவு மூட்டை மேல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். சமாதானப்படுத்தறதுக்குள்ள ஒரு தட்டு ரொட்டி கருகிப்போச்சு."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

காயம் ஆறியதும் மறுபடி வந்தார்கள். இப்போதெல்லாம் அவள் போடுகிற சத்தம் அக்கரைக்குக் கேட்கும்.

"மேடு, மெதுவா. எல்லாத்தையும் தம்பிகிட்டதான் சொல்வாராம்! சைக்கிள், ஓரம் வாங்க. நான் என்ன வேத்தாளா? குழந்தை ஓடி வருது, நில்லுங்க!"

எதிரே வருகிறவர்கள் அந்த மனிதரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவருக்கு அது தெரிவதில்லை.

"ம், சொல்லு," என்கிறார். "நிறுத்தாம சொல்லு."